தொட்டிலை உதைக்கும் குழந்தை வளர்ந்தா எப்படி இருக்கும்? பெரியாழ்வார் வாழ்க்கை சொல்லும் பாடம்!

பிறந்த சில மாதத்திலேயே ஒரு குழந்தையை அடங்காதது என்கிறோம், இன்னொன்றைச் சாது என்கிறோம். அந்தக் குணம் கடைசி வரைக்கும் மாறாதா? ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்போம்.

யார் இவர்?

செண்பகத்தோப்பு மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர். இயற்பெயர் விஷ்ணுசித்தர். 9-ம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்தவர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. நந்தவனம் போட்டு, மாலை கட்டி வடபத்ரசாயி கோயிலுக்குக் கொடுப்பதுதான் அவர் வேலை. பாண்டிய மன்னன் அவையில் வாதம் செய்து பொற்கிழி வென்ற பிறகும், ஊர் திரும்பி அதே பூக்கூடையைத்தான் எடுத்தார் என்கிறது வைணவ மரபு.

குழந்தையை எப்படிப் பார்த்தார்?

தன்னை யசோதையாக நினைத்து, கண்ணன் வளர்வதைப் படிப்படியாகப் பாடினார். பிள்ளைத்தமிழுக்கு இதுவே முன்னோடி. அவர் காட்டும் கண்ணன் சாதுக் குழந்தை இல்லை. தொட்டிலில் போட்டால் உதைக்கிறான், தூக்கினால் இடுப்பை ஒடிக்கிறான், அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். தாய் களைத்துப் போகிறாள். ஆனால் வெறுக்கவில்லை.

அறிவியல் என்ன சொல்கிறது?

1956-ல் நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ், அலெக்சாண்டர் தாமஸ் தம்பதி தொடங்கிய ஆய்வு, 133 பேரைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து கவனித்தது. எளிதாகப் பழகும் குழந்தை, சிரமம் தரும் குழந்தை, மெதுவாகப் பழகும் குழந்தை என மூன்று வகை சொன்னார்கள். 2020-ல் வெளியான இன்னொரு ஆய்வில், 14 மாதத்தில் புதியவர்களைக் கண்டு ஒதுங்கிய குழந்தைகள் 26 வயதிலும் அமைதியானவர்களாக இருக்கும் போக்கு தெரிந்தது. அப்போ தொடர்பு இருக்கிறது. ஆனால் அது தலையெழுத்து இல்லை. குழந்தையின் சுபாவமும் வளர்ப்பவரின் அணுகுமுறையும் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம் என்றார்கள் செஸ் தம்பதி.

ஆண்டாள் விஷயத்தில் நடந்தது

துளசிச் செடியடியில் கிடைத்த குழந்தை கோதையைப் பெரியாழ்வார் வளர்த்தார். பெருமாளுக்குக் கட்டிய மாலையை அவள் ரகசியமாகச் சூடிப் பார்த்தபோது கடிந்துகொண்டார். சூடிய மாலையே வேண்டும் எனப் பெருமாள் கனவில் சொன்னதும், மகளின் போக்கை ஏற்றுக்கொண்டார். பிடிவாதம் என்று பட்டது பக்தியாகத் தெரிந்தது. மனிதரை மணக்க மாட்டேன் என்றபோதும் அவளை வளைக்கவில்லை. அந்தப் பெண்தான் திருப்பாவை பாடிய ஆண்டாள்.

உங்க வீட்டுக் குழந்தை தொட்டிலை உதைக்குதா? பெயர் வைக்க அவசரப்படாதீங்க. அதன் சுபாவத்தைக் கொஞ்ச நாள் கவனிங்க.