ரம்போர்டு பிரபு

திருவண்ணாமலையை வலம் வருவோர் செல்லும் 14 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறத்தில் அமைந்துள்ளது அடி அண்ணாமலை என்னும் ஊர். சித்திரைத் திங்களின் நடுப்பகலில் அம்மலைப் பாறைகள் அனலாய்க் காயும். அவ்வேளையில் தகரக் கொட்டகையினுள் இருப்பவர் வெந்து வாடுவர். தடித்த மண்சுவரும் கனத்த ஓலைக் கூரையும் உடைய வீட்டினுள் இருப்பவரோ குளிர்ச்சி பெறுவர். மார்கழிப் பனி கொட்டும் விடியற்காலையில் அதே கூரைவீடு வெதுவெதுப்பாக இருக்கும். ஒரே கூரை கோடையில் தண்மையையும் பனிக்காலத்தில் வெம்மையையும் தருவது எங்ஙனம்? நம் முன்னோர் இதனைப் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். இதன் காரணத்தை அளந்து ஆராய முற்பட்ட அறிஞருள் தலைசிறந்தவர் ரம்போர்டு பிரபு ஆவார்.

அவருடைய இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன் என்பது. அவர் 1753ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள், வட அமெரிக்காவின் மசாச்சுசெட்சுப் பகுதியிலுள்ள வோபர்ன் என்னும் சிற்றூரில், உழவர் குடியில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பதின்மூன்றாம் வயதில் கடைக்காரர் ஒருவரிடம் வேலை பழகச் சேர்ந்தார். உடல் கடையில் இருந்ததேயன்றி, உள்ளம் கருவிகளிலும் இயற்கை நூல்களிலுமே தோய்ந்து கிடந்தது. ஒருமுறை வாணவெடி செய்ய முயன்றபோது மருந்து வெடித்துத் தீப்புண் பட்டார். எனினும் ஆராயும் வேட்கை தணியவில்லை. பின்னர்ப் பள்ளி ஆசிரியராகி, முன்னர் ரம்போர்டு என வழங்கிய காங்கார்டு என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே 1772ஆம் ஆண்டில் செல்வம் மிக்க கைம்பெண் ஒருவரை மணந்தார். அவர்களுக்குச் சாரா என்னும் பெண் மகவு பிறந்தது.

அக்காலத்தில் அமெரிக்க மக்கள் ஆங்கில அரசை எதிர்த்து விடுதலைப் போர் தொடங்கினர். தாம்சன் அரசரின் பக்கம் சார்ந்தார். ஆங்கிலப் படையினருக்கு மறைவாகச் செய்தியும் அனுப்பினார். ஊரார் வெறுப்புக்கு ஆளாகி, மனைவியையும் குழந்தையையும் விட்டு, 1776ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குச் சென்றார். அம்மனைவியை அவர் பின்னர் ஒருநாளும் காணவில்லை. அறிவால் உயர்ந்த அவர் வாழ்வில் இஃது ஆறாத வடுவாகவே நின்றுவிட்டது.

இங்கிலாந்தில் அவர் அரசாங்க அலுவலில் உயர்ந்தார். வெடிமருந்தைப் பற்றிய ஆராய்ச்சிகளால் 1779ஆம் ஆண்டில் அரச கழகத்தின் உறுப்பினர் ஆனார். போர் முடிந்தபின், செர்மானிய நாடுகளுள் ஒன்றாகிய பவேரியாவின் மன்னர் அவரைத் தம் பணிக்கு ஏற்றுக்கொண்டார். அந்நாட்டின் தலைநகரான மியூனிக்கில் இரவலர் கூட்டம் மலிந்திருந்தது. 1790ஆம் ஆண்டின் முதல் நாளன்று தாம்சன் படைவீரர் துணையுடன் அவர்களைத் திரட்டத் தொடங்கினார். திரட்டியவர்களைச் சிறையில் அடைக்கவில்லை. தூய்மையும் வெதுவெதுப்பும் உடைய தொழிற்சாலை ஒன்றை அமைத்து, அங்கே வயிறார உணவும், செய்வதற்கு வேலையும், வேலைக்குக் கூலியும் அளித்தார். மக்களை நல்லவராக்கிய பின்னரே இன்புறச் செய்யலாம் எனப் பலரும் எண்ணிய காலத்தில், முதலில் அவர்தம் குளிரையும் பசியையும் போக்கினால் நற்குணம் தானே தளிர்க்கும் என்று அவர் கருதினார்.

இரவலர் பலருக்கு நாள்தோறும் உணவு சமைக்க வேண்டியிருந்தது. திறந்த அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி பாத்திரத்தைச் சேராமல் வீணாவதை அவர் கண்டார். ஆதலால் நெருப்பை நாற்புறமும் செங்கல்லால் அடைத்து, பாத்திரம் அதனுள் பொருந்தி அமருமாறு புதுவகை அடுப்புகளை அமைத்தார். சிறிதளவு விறகில் பெருங்கூட்டத்திற்கு உணவு வெந்தது. வீணாகும் வெப்பம் ஏழையின் கைப்பொருள் என்பதை இவ்வடுப்புகளே அவருக்கு உணர்த்தின எனலாம்.

படைவீரர்க்குக் குளிர்தாங்கும் உடை எது என்று அறியவும் அவர் விரும்பினார். வெப்பமானியின் குமிழைப் பெரியதொரு கண்ணாடிக் குமிழினுள் அமைத்து, இரண்டிற்கும் இடையே பஞ்சு, கம்பளிமயிர், பட்டு, முயல்மயிர், பறவையின் மென்தூவி முதலியவற்றை ஒவ்வொன்றாக நிரப்பினார். கருவியைக் கொதிநீரில் சூடேற்றிப் பின்னர்ப் பனிக்கட்டியில் வைத்து, அது குளிர்வதற்கு ஆகும் நேரத்தைக் கணித்தார். இடையில் வெறுங்காற்று இருந்தபோது விரைவில் குளிர்ந்த கருவி, முயல்மயிரோ மென்தூவியோ இருந்தபோது குளிர்வதற்கு அதனினும் இரு மடங்குக்கு மேற்பட்ட நேரம் கொண்டது. மயிரிழைகளுக்கு இடையே சிக்கிய காற்று அசைய இயலாது நின்றுவிடுவதே இதற்குக் காரணம் என அவர் தெளிந்தார். காற்று வெப்பத்தைச் சிறிதும் கடத்தாது என்று அவர் எண்ணியது பிழை; அது மிகச் சிறிதளவே கடத்தும் என்பதைப் பின்வந்தோர் அறிந்தனர். ஆயினும், அசையாக் காற்றே சிறந்த போர்வை என்னும் அவர் கருத்து இன்றும் நிலைத்துள்ளது. இவ்வாராய்ச்சிக்காக 1792ஆம் ஆண்டில் அரச கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. பிரபு பட்டமும் அவரை வந்தடைந்தது. தாம் மணம் புரிந்து வாழ்ந்த ஊரை மறவாமல், ரம்போர்டு என்னும் பெயரையே அப்பட்டத்திற்குச் சூட்டிக்கொண்டார்.

1795ஆம் ஆண்டில் அவர் இலண்டன் மாநகருக்கு வந்தார். அங்குள்ள இல்லங்களில் குளிர்காய்வதற்குச் சுவரில் கணப்புகள் அமைந்திருந்தன. அவற்றின் வாய் அகன்றும் புகைபோக்கி பெருத்தும் இருந்தமையால், வெப்பம் வானை நோக்கிச் சென்றது. புகையோ வீட்டினுள் நிறைந்தது. கணப்பின் எதிரே அமர்ந்தவர்க்கு முகம் வெந்தது, முதுகு குளிர்ந்தது. ரம்போர்டு புகைபோக்கியின் கழுத்தை நான்கு அங்குல அளவாகச் சுருக்கினார். பின்சுவரை முன்னே கொணர்ந்தார். பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைத்து அவற்றிற்கு வெள்ளை பூசச் செய்தார். நெருப்பின் கதிர்கள் அச்சுவர்களில் பட்டு அறையினுள் திரும்பின. புகை மேலே சென்றது, வெம்மை உள்ளே நின்றது, கரிச்செலவும் குறைந்தது. 1796ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கி நூல் வெளியிட்டார். இதற்குத் தனியுரிமை பெற்றிருந்தால் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ கொத்தர் எவரும் செய்துகொள்ளுமாறு முறையைப் பொதுவாக்கிவிட்டார். அவ்வாண்டிலேயே, கைக்குழந்தையாய் விட்டுவந்த மகள் சாரா கன்னிப் பருவத்தினளாய்க் கடல் கடந்து தந்தையிடம் வந்து சேர்ந்தாள்.

வெப்பம் என்பது ஒருவகைப் பாய்பொருள் என்றே அக்கால அறிஞர் பலரும் நம்பினர். மியூனிக்கில் பீரங்கிக் குழாய்களைத் துளைக்கும்போது உலோகம் மிகவும் சூடாவதை ரம்போர்டு கண்டார். நீரினுள் வைத்து மழுங்கிய துளைக்கருவியால் உலோகத்தைத் தேய்க்கச் செய்தார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பின்றியே நீர் கொதித்தது. தேய்க்குந்தோறும் அளவின்றித் தோன்றுவது ஒரு பொருளாக இருத்தல் இயலாது. வெப்பம் ஒருவகை இயக்கமே என்று 1798ஆம் ஆண்டில் அறிவித்தார். மறு ஆண்டில், அறிவியலை மக்கள் வாழ்வுக்குப் பயன்படுத்தும் நோக்குடன், இலண்டனில் அரச நிறுவனம் தோன்ற வழிகோலினார். பிற்காலத்தில் பாரடே என்னும் பேரறிஞர் பணிபுரிந்தது அங்கேதான்.

இறுதிக் காலத்தில் அவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். வேதியியல் அறிஞர் இலவாசியேயின் மனைவியாயிருந்து கணவரை இழந்த அம்மையாரை மணந்தார். அம்மணமும் இன்பம் தரவில்லை. சில ஆண்டுகளில் இருவரும் பிரிந்தனர். எண்ணற்ற இல்லங்களுக்கு வெம்மை அளித்தவர், தம் இல்லத்தில் அன்பின் வெம்மை குன்றியே வாழ்ந்தார். 1814ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்கள் 21ஆம் நாள் பாரிசு நகரை அடுத்த ஒத்தேய் என்னுமிடத்தில் உயிர் நீத்தார்.

ரம்போர்டு கண்ட உண்மை குளிர்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடாத அசையாக் காற்று, வெளியிலுள்ள வெப்பத்தையும் உள்ளே விடாது. அடி அண்ணாமலையின் கூரைவீட்டில் ஓலைகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்று செய்யும் பணியும் இதுவே. மச்சு வீட்டின் தளத்தின்மேல் மட்பானைகளைக் கவிழ்த்துப் பரப்பி, அவற்றின்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசும் வழக்கத்தின் உட்பொருளும் இதுவே. வெறும் தகரத்தின்கீழ் வாழ்பவர் பகலெல்லாம் மின்விசிறியைச் சுழற்றியும் வெந்து வருந்துகின்றனர். கூரையைச் சீர்செய்தவர் சிறு செலவில் நலமுற வாழ்கின்றனர். வெப்பத்தை அதன் வழியறிந்து காத்தலும் தடுத்தலும் செல்வர்க்குப் பொருட்சேமிப்பு. ஏழையர்க்கோ அதுவே வாழ்வு. இவ்வுண்மையை அளந்து காட்டிய ரம்போர்டின் பெயர் அடுப்பும் கூரையும் உள்ளவரை நின்று நிலவும்.