கொடைக்கானல் ஏரிக்குக் கரை கட்டிய கலெக்டர்

கொடைக்கானல் ஏரியில பெடல் படகு மிதிச்சு, செல்ஃபியும் எடுத்திருப்பீங்க. அந்த ஏரியை உருவாக்கினவர் யாருன்னு தெரியுமா? மதுரை கலெக்டரா இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச்.

விளையாட்டு வளரணும்னா முதல்ல களம் வேணும். லடாக்கையே பாருங்க. குளிர்காலத்துல உறைஞ்சுபோற குளங்கள்லதான் அங்கே ஐஸ் ஹாக்கி வேர்பிடிச்சது. 2025-ல் இந்தியப் பெண்கள் அணி ஆசியக் கோப்பையில வெண்கலமே வாங்கிடுச்சு! கொடைக்கானல்லயும் மார்கழி, தையில புல்வெளி உறைபனியில வெளுத்துப்போகும். ஆனா, ஸ்கேட்டிங் பண்ற அளவுக்குத் தண்ணி உறையாது. அட, லெவிஞ்ச் வந்தப்போ ஏரியே கிடையாது, சதுப்பும் ஓடைகளும்தான்.

1863-ல் ஓடைத் தண்ணிக்குக் குறுக்கே கரை கட்டித் தேக்கினார். சொந்தக் காசையும் இறக்கினார். தூத்துக்குடியிலிருந்து முதல் படகை வரவழைச்சதும் அவர்தான். வாகனம் ஏறுற பாதையே இல்லாத காலத்துல, சுமார் 7,000 அடி உயரத்துக்குப் படகு! நினைச்சாலே நமக்கு மூச்சு வாங்குது. ஓய்வு பெற்றதும் கொடைக்கானல்லயே தங்கிட்டார். இங்கே பேரிக்காயும் யூகலிப்டஸும் வந்த கதையிலயும் அவர் பேர் அடிபடும். (யூகலிப்டஸுக்காக இன்னைக்குச் சூழல் ஆர்வலர்கள் அவரைத் திட்டலாம்!)

1885-ல் லெவிஞ்ச் இறந்தார். ஏரியில படகு கிளப் தொடங்கினது 1890-ல்.