நம்ம ஊர் 'இந்தியன் சால்மன்' நிஜமாவே சால்மனா? மீனுக்காக அரசோடு மல்லுக்கட்டிய பிரான்சிஸ் டே யார்?

கோவில்பட்டி மீன் கடைகளுக்குக் கடல் மீன் பெரும்பாலும் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற தூத்துக்குடி பக்கத்திலிருந்துதான் வருகிறது. அதில் காலா மீன் வந்தால் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதே காலாவை ஆன்லைனில் ஆர்டர் போட்டால் பெயர் மாறிவிடும். அங்கே அது 'இந்தியன் சால்மன்'.

உண்மையில் காலாவுக்கும் சால்மனுக்கும் சொந்தமே கிடையாது. சால்மன் குளிர்நாட்டு மீன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆறு ஏறி வரும். காலா வெப்பநாட்டு மீன், கரையோரக் கடலிலும் கழிமுகத்திலும் திரியும். அப்படினா பெயர் எப்படி ஒட்டிக்கிச்சு? சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு லீவு நாளில் தூண்டிலும் படகும்தான் பெரிய பொழுதுபோக்கு. ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற அதிகாரி இதற்காகவே 1873-ல் 'தி ராட் இன் இண்டியா' என்று தடிமனான புத்தகமே எழுதினார். தூண்டிலில் முரண்டு பிடிக்கும் மீனைப் பார்த்ததும் அவர்களுக்குச் சொந்த ஊர் சால்மன் ஞாபகம் வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

அதே காலத்தில் இங்குள்ள மீன்களையும், சீமை சால்மனையும் கரைத்துக் குடித்த ஒருவர் இருந்தார். அவர்தான் பிரான்சிஸ் டே.

சென்னையை வாங்கியவரா?

இல்லை. 1639-ல் சென்னைக்கு இடம் பிடித்த பிரான்சிஸ் டே வேறு. ஒவ்வொரு ஆகஸ்ட் 22-ம் பேசப்படுவது அவர்தான். நம்ம ஆள் 190 வருஷம் கழித்து, 1829 மார்ச் 2-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். படித்தது மருத்துவம். 1852-ல் கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை ராணுவத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார்.

கொச்சியில் வேலை பார்த்தபோதுதான் மீன் பைத்தியம் முற்றியது. 1865-ல் மலபார் மீன்கள் பற்றி புத்தகம் வந்தது. இன்றைக்கு மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் 'மிஸ் கேரளா' என்று காசு கொடுத்து வாங்கும் சிவப்புக் கோடு மீனுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் இவர்தான். அப்போதைய சென்னை கவர்னர் டெனிசன் பெயரை அதற்குச் சூட்டினார். கவர்னரை மகிழ்விக்க இதைவிட நல்ல வழி இல்லைதான்.

1860-களில் ஆசை இன்னும் பெருசானது. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த டிரவுட் மீனை நீலகிரி ஓடைகளில் விட்டு வளர்க்கப் பார்த்தார். அது பலிக்கவில்லை. அவர் இறந்து பல வருஷம் கழித்து, 1900-களில் எச்.சி.வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் நீலகிரியில் டிரவுட் நிலைத்தது.

அணைக்கட்டும் உல்லமும்

டே வாழ்க்கையில் முக்கியமான கதை இதுதான். தோற்ற கதை.

1867-ல் ஒரு கேள்வி எழுந்தது. ஆறுகளுக்குக் குறுக்கே கட்டிய அணைக்கட்டுகளால் மீன்வளம் கெடுகிறதா? கேட்டவர் வேறு யாருமில்லை, கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணைக்கட்டு கட்டிய ஆர்தர் காட்டனேதான். விசாரிக்கும் பொறுப்பு டேயிடம் வந்தது.

நம்ம கடலில் சால்மன் இல்லை, சரி. ஆனால் சால்மன் மாதிரியே கடலிலிருந்து ஆறு ஏறி முட்டையிடுகிற மீன் இருக்கிறது. வங்காளிகள் உயிரை விடும் ஹில்சா, தமிழில் உல்லம். காவிரி, கொள்ளிடத்திலும் அது ஏறி வந்தது. அணைக்கட்டு வந்ததும் சுவரில் முட்டி நின்றது. அங்கேயே வலை போட்டு அள்ளினால் அடுத்த தலைமுறைக்கு முட்டை ஏது?

டே சொன்ன வழிகள் எளிமையானவை. அணைக்கட்டில் மீன் ஏறிப்போக வழி விடுங்கள், வலைக் கண்ணுக்கு அளவு வையுங்கள், குஞ்சு மீனை அள்ளுவதையும் தண்ணீரில் நஞ்சு கலப்பதையும் நிறுத்துங்கள். 1871-ல் இந்திய மீன்வளத்துக்கே இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். ஊர் ஊராகப் போனார். கலெக்டர், தாசில்தார்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி பதில் வாங்கினார். 1873-ல் நன்னீர் மீன்வளம் பற்றிய பெரிய அறிக்கை வந்தது.

எதிர்ப்பும் வந்தது. கட்டுப்பாடு போட்டால் ஏழைகள் வயிற்றில் அடிப்பதாகும் என்று அதிகாரிகள் பலர் சொன்னார்கள். அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வாய்க்காலில் கூடை வைத்துப் பொடி மீன் பிடித்துக் குழம்பு வைக்கிறவருக்கு வலைக் கண் அளவு பேசினால் கோபம்தான் வரும். ஆனால் மீன் ஏறும் வழிக்கு எந்த ஏழையும் குறுக்கே நிற்கவில்லையே.

கரிசல் கண்மாயில் மீன் எங்கிருந்து வருது?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழசு. கோடையில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை பெய்து தண்ணீர் சேர்ந்ததும் விரால் துள்ளும். மழையோடு மீனும் விழுந்தது என்று சொல்பவர்கள் உண்டு.

டே இதையும் விடவில்லை. வற்றிய குளத்து மண்ணைத் தோண்டும்போது உயிரோடு மீன் கிடைத்த தகவல்களைத் திரட்டினார். விராலும் பனையேறி கெண்டையும் செவுளை மட்டும் நம்பி வாழ்வதில்லை, மேலே வந்து காற்றைக் குடிக்கின்றன. மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்று காட்டினார். ஈரம் இருக்கிற சேற்றுக்குள் விரால் தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

கடைசி வருஷங்கள்

சொந்த வாழ்க்கை சோகம். முதல் மனைவி 1869-ல் இறந்தார். மறுமணம் செய்த அடுத்த வருஷமே, 1873-ல், இரண்டாவது மனைவியும் போய்விட்டார். 195 படத்தட்டுகளோடு 'இந்திய மீன்கள்' என்ற பெரிய நூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்தது. பல மீன்களுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் கேட்டுக் குறித்திருந்தார். லண்டன் அருங்காட்சியகத்தின் மீன் நிபுணர் குந்தரோடு ஒத்துப்போகாததால், தன் சேகரிப்பில் ஒரு பகுதியை சிட்னி அருங்காட்சியகத்துக்கு விற்றார்.

ஓய்வுக்குப் பிறகு ஸ்காட்லாந்தின் ஹோவிடவுன் பண்ணையில் சால்மனையும் டிரவுட்டையும் கலப்பினம் செய்து பார்த்தார். 1887-ல் அதைப் பற்றியும் ஒரு புத்தகம். 1889 ஜூலை 10-ல் செல்ட்டனாமில் புற்றுநோயால் இறந்தார், வயது 60. 1400-க்கும் மேற்பட்ட மீன்களை விவரிக்கும் கடைசி நூல் வந்ததும் அதே வருஷம்தான்.

நஞ்சுக்கும் வெடிக்கும் தடை போட்ட இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல் வந்தது. 1934-ல் மேட்டூர் அணை எழுந்தது. அதன் பிறகு காவிரியில் உல்லம் வரத்து சரிந்தது.