போகமாட்டேன் என்ற பையன்

1838-ம் ஆண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒரு பையன் தன் ஊருக்கு வந்தான். அமெரிக்காவில், ஓஹியோ மாநிலத்தில், ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூர் அது. பையனுக்கு வயது 16.

வீட்டில் தகப்பனார் ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும், உனக்கு வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில் இடம் கிடைத்துவிடும் போல் இருக்கிறது என்றார். பையன் திடுக்கிட்டான். போகமாட்டேன் என்றான். நீ போவாய் என்றே நினைக்கிறேன் என்றார் தகப்பனார்.

அதற்கு மேல் பேச்சு இல்லை. மகனின் விருப்பத்தைக் கேட்கும் வழக்கம் அந்தக் காலத்தில் அங்கேயும் கிடையாது.

அந்தப் பையன்தான் பின்னாளில் அமெரிக்காவின் மாபெரும் தளபதியாகவும் ஜனாதிபதியாகவும் விளங்கிய கிராண்ட்.

குதிரைப் பைத்தியம்

தகப்பனார் ஜெசி கிராண்ட் தோல் பதனிடும் தொழில் செய்தார். அந்த வேலை பையனுக்குப் பிடிக்கவில்லை. ரத்தமும் நாற்றமும் அவனுக்கு ஆகாது. பிடித்தது குதிரை ஒன்றுதான். எந்த முரட்டுக் குதிரையும் அவனுக்கு அடங்கும்.

எட்டு வயதில் ஒரு குதிரைக் குட்டியின் மேல் ஆசைப்பட்டான். சொந்தக்காரர் 25 டாலர் கேட்டார். 20 டாலருக்குக் கேள், மறுத்தால் இருபத்திரண்டரை, அதற்கும் மறுத்தால் 25 கொடு என்று சொல்லி அனுப்பினார் தகப்பனார். பையன் நேரே போனான். தகப்பனார் சொன்னதை ஒன்றுவிடாமல் அப்படியே ஒப்பித்தான்! விலை என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஊர்ப் பையன்கள் இதைச் சொல்லிச் சொல்லி நெடுநாள் கேலி செய்தார்கள்.

வியாபாரத்துக்கு இவன் லாயக்கில்லை என்று தகப்பனார் கண்டுகொண்டிருக்கவேண்டும். வெஸ்ட் பாயிண்டிலோ படிப்புக்குச் செலவு இல்லை. எல்லாம் அரசாங்கச் செலவு. கணக்குப் பார்க்கும் தகப்பனாருக்கு வேறு என்ன வேண்டும்?

பெயர் மாறிய கதை

ஆனால் அந்தப் பள்ளியில் சேர, தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் சிபாரிசு செய்யவேண்டும். அப்போது உறுப்பினராக இருந்தவர் தாமஸ் ஹேமர். அவரும் ஜெசியும் ஒரு காலத்தில் உயிர் நண்பர்கள். அரசியலால் மனம் கசந்து பேச்சை நிறுத்தியவர்கள். மகனுக்காக ஜெசி ரோஷத்தை விட்டார், கடிதம் எழுதினார். ஹேமரும் பழையதை மறந்து உதவினார்.

அவருடைய பதவிக்காலம் முடியும் தறுவாய் அது. அவசரத்தில் பையனின் முழுப்பெயர் நினைவுக்கு வரவில்லை. உண்மைப் பெயர் ஹிராம் யுலிசிஸ் கிராண்ட். ஊரில் எல்லோரும் யுலிசிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தாயாரின் குடும்பப் பெயர் சிம்ப்சன். அதுவே நடுப்பெயராக இருக்கும் என்று நினைத்து, யுலிசிஸ் எஸ். கிராண்ட் என்று எழுதிவிட்டார்.

பையனுக்கோ வேறு கவலை. பயணப் பெட்டியில் அவனுடைய பெயரின் முதல் எழுத்துக்களைப் பொறித்திருந்தார்கள். எச், யு, ஜி. ஆங்கிலத்தில் சேர்த்துப் படித்தால் கட்டித் தழுவு என்று பொருள்! கேலிக்குப் பயந்து, யுலிசிஸ் ஹிராம் என்று பெயரை முன்பின்னாக மாற்றிக்கொண்டான்.

விபத்து வராதா?

1839-ம் ஆண்டு மே மாதம் பயணம் தொடங்கியது. ஆற்றில் நீராவிப் படகு. பிறகு கால்வாய்ப் படகு. கால்வாயில் போனால் மெதுவாகப் போகலாம் என்பதே அவனுக்கு ஆறுதல். ஹாரிஸ்பர்க் நகரில் ரெயில் ஏறினான். மணிக்கு 18 மைல்தான் உச்ச வேகம். அதுவே அவனுக்குப் பறப்பது போல் இருந்தது.

அந்த ஊரிலிருந்து முன்பு போன பையன் ஒருவன் படிப்பில் தேறாமல் திரும்பியிருந்தான். தனக்கும் அந்தக் கதிதான் என்ற பயம் அவனை வாட்டியது. படகோ ரெயிலோ மோதி, பள்ளியில் சேர முடியாதபடி ஒரு காயம் பட்டால் தேவலை என்றுகூட நினைத்தான். அப்படி ஒன்றும் நேரவில்லை. பிலடெல்பியாவையும் நியூயார்க்கையும் ஆசை தீரச் சுற்றிப் பார்த்தான். மே மாதக் கடைசியில் ஹட்சன் நதிக்கரையில் இருந்த வெஸ்ட் பாயிண்டில் போய் இறங்கினான்.

அங்கே வேறு பெயர் காத்திருந்தது. பதிவேட்டில் இருக்கும் பெயரை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று முதல் சாகும் வரை அவர் யுலிசிஸ் எஸ். கிராண்ட்தான்.

நுழைவுப் பரீட்சையில் தேறினார். அவருக்கே அது ஆச்சரியம். அந்த டிசம்பரில் ராணுவப் பள்ளியையே மூடிவிட வேண்டும் என்று பாராளுமன்றத்தில் மசோதா வந்தது. அது நிறைவேறாதா என்ற ஆசையோடு பத்திரிகைகளைத் தேடித் தேடிப் படித்தார்! மசோதா நிறைவேறவில்லை. கணக்கு அவருக்குச் சுலபமாக வந்தது. கணக்கு ஆசிரியர் ஆகவேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. 1843-ல் 39 பேரில் 21-வது இடம் பெற்றுத் தேறினார். குதிரை ஏற்றத்தில் மட்டும் அவருக்கு நிகர் யாரும் இல்லை.

புதுச் சீருடை போட்டுக்கொண்டு பெற்றோரைப் பார்க்கப் போனார். குதிரை லாயக்காரன் ஒருவன் தன் கால்சட்டையில் வெள்ளைத் துணியைப் பட்டையாகத் தைத்துக்கொண்டு, செருப்பில்லாமல், அவரைப் போலவே நடந்து காட்டினான். தெருவே சிரித்தது. அதிலிருந்து ஆடம்பரச் சீருடை என்றாலே அவருக்கு வெறுப்பு.

சேறு படிந்த பூட்ஸ்

மெக்சிகோ யுத்தத்தில் போரிட்டார். 1854-ல் வேலையை ராஜினாமா செய்தார். விவசாயம் செய்து நொடித்தார். தெருவில் விறகுகூட விற்றார். 1860-ல் வேறு வழியின்றி, அவர் வெறுத்த அதே தோல் வியாபாரம். தகப்பனாரின் கடையில் தம்பிமாரோடு குமாஸ்தா வேலை.

மறு வருஷம் உள்நாட்டுப் போர் மூண்டது. மூன்றே ஆண்டுகளில் அமெரிக்க ராணுவம் முழுவதும் அவர் கைக்கு வந்தது.

1865-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி. அப்போமாட்டாக்ஸ் என்ற ஊரில் ஒரு வீடு. சரண் அடைய வந்த தென்பகுதித் தளபதி லீ, புத்தம்புதுச் சீருடையும் இடையில் வாளுமாக இருந்தார். அவரும் வெஸ்ட் பாயிண்டில் படித்தவர். அதற்குத் தலைவராகவும் இருந்தவர். ஜெயித்த கிராண்டோ சாதாரணச் சிப்பாயின் சட்டையும் சேறு படிந்த பூட்சுமாக வந்தார்.

எங்கள் வீரர்கள் பலருக்குக் குதிரைகள் சொந்தம் என்றார் லீ. கிராண்டுக்குப் புரிந்தது. உழவு காலம் அது. குதிரை இல்லாவிட்டால் அந்தக் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கும்? குதிரைகளை வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று அனுமதித்தார். பசியோடு இருந்த எதிரிப் படைக்கு 25 ஆயிரம் பேருக்கு உணவும் அனுப்பினார்.

1869 முதல் 1877 வரை ஜனாதிபதியாக இருந்தார். 1885-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி தொண்டைப் புற்றுநோயால் காலமானார்.

சாவதற்கு ஒரு மாதம் முன்பு, தன்னை எங்கே அடக்கம் செய்யலாம் என்று மகனுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அவர் மனம் நாடிய இடம் வெஸ்ட் பாயிண்ட். ஆனால் மனைவி ஜூலியாவை அங்கே பக்கத்தில் அடக்கம் செய்ய விடமாட்டார்கள். ஆகவே அது வேண்டாம் என்று விட்டுவிட்டார். நியூயார்க் நகரில், அதே ஹட்சன் நதிக்கரையில், இருவரும் அருகருகே இருக்கிறார்கள்.