மார்கரெட் பாண்டுபீல்டு அம்மையார்

இங்கிலாந்து நாட்டின் சாமர்செட் பகுதியில் சார்டு என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் 1873 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17 ஆம் நாள் மார்கரெட் பாண்டுபீல்டு பிறந்தார். அவருடைய தந்தையார் லேஸ் என்னும் பூப்பின்னல் துணி செய்யும் தொழிலாளி. வீட்டில் குழந்தைகள் 11 பேர், வருவாயோ சிறிது. எனவே மார்கரெட் தம் 14 ஆம் வயதிலேயே ஹோவ் நகரத்துத் துணிக்கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார்.

அந்நாளில் கடைச் சிப்பந்திகள் பலர் முதலாளி அளிக்கும் விடுதியிலேயே தங்கி, அவர் அளிக்கும் உணவையே உண்ண வேண்டும். நெடுநேரம் நின்று உழைக்கும் அவர்கள், வேலையை இழந்தால் அன்றே உறைவிடத்தையும் இழப்பர். வேலைநீக்கம் என்பது ஏழைக்கு எத்தகைய இடி என்பதை மார்கரெட் இளமையிலேயே கண்டுணர்ந்தார்.

பின்னர் இலண்டன் மாநகர் சென்ற அவர், கடைச் சிப்பந்திகளின் சங்கத்தில் சேர்ந்தார். புனைபெயரில் கட்டுரைகள் எழுதித் தம்மவரின் துன்பங்களை வெளிப்படுத்தினார். 1898 இல் அச்சங்கத்தின் துணைச் செயலாளரானார். மறு ஆண்டு கூடிய தொழிற்சங்கப் பேரவைக்கு வந்த பிரதிநிதிகளுள் பெண்மணி அவர் ஒருவரே.

உழைக்கும் பெண்டிர் கருவுற்ற காலத்தில் படும் அல்லல் அவர் உள்ளத்தை வருத்தியது. பிரசவ நாள் நெருங்கும் வரை ஆலையில் உழைப்பதும், உடல் தேறுமுன்பே மீண்டும் வேலைக்குத் திரும்புவதும் அன்று வழக்கமாயிருந்தன. ஓய்வு கொண்டால் கூலி இல்லை. வேலையும் நிலைக்குமென்ற உறுதி இல்லை. பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தாருடன் சேர்ந்து அம்மையார் இதற்காகப் பாடுபட்டார். அதன் பயனாக, 1911 ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டத்தில் 30 ஷில்லிங் பேறுகால உதவித்தொகை இடம் பெற்றது. அத்தொகை தாய்க்கே உரியது என்பதும் 1913 இல் சட்டமாயிற்று.

ஆயினும் பணம் மட்டும் போதுமா? பெற்றெடுத்துத் திரும்பும் தாய்க்கு அவளுடைய வேலை காத்திருக்க வேண்டாவா? 1919 ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் முதலாவது சர்வதேசத் தொழிலாளர் மாநாடு கூடியது. பிரிட்டிஷ் தொழிலாளர் தரப்பின் ஆலோசகருள் ஒருவராக அம்மையார் அங்குச் சென்றார். பிரசவத்திற்கு முன் 6 வாரமும் பின் 6 வாரமும் ஓய்வு வேண்டும். அக்காலத்தில் தாயும் சேயும் நலமுற வாழ உதவி வேண்டும். அவ்வாறு வராதிருக்கும் பெண்ணுக்கு வேலைநீக்க அறிவிப்புக் கொடுத்தல் சட்டத்திற்கு மாறானது. முன்பே கொடுத்த அறிவிப்பும் அவ்விடைக்காலத்தில் முடிவடைதல் கூடாது. இவ்விதிகளை அம்மாநாடு உடன்படிக்கையாக ஏற்றது. ஆனால் அம்மையாரின் தாய்நாடே அதனை உறுதிசெய்து ஏற்கவில்லை.

1929 இல் அம்மையார் தொழில் அமைச்சரானார். பிரிட்டனின் அமைச்சரவையில் இடம் பெற்ற முதற் பெண்மணி அவரே. அந்தோ! அப்பதவியே அவருக்குக் கடுஞ்சோதனையாயிற்று. உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியது. வேலையற்றோர் தொகை 25 இலட்சத்தை எட்டியது. காப்புறுதி நிதி கடனில் மூழ்கியது. செலவைக் குறைக்க 1931 இல் அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதன் விளைவாக, மணமான பெண்கள் வேலையற்றோர் உதவி பெறுவதற்குத் தனி நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. தவறாது சந்தா செலுத்திய பெண்கள் பல்லாயிரவர் உதவியை இழந்தனர். பெண்களின் உரிமைக்கு வாதாடியவர் கையாலேயே இது நேர்ந்ததே என்று அவர் கட்சியினரும் வருந்தினர். அவ்வாண்டுத் தேர்தலில் அம்மையார் தோல்வியுற்றார். 1953 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்த பின்னரும் அவர் ஊன்றிய வித்து வளர்ந்தது. கருவுற்றதன் காரணமாக ஒரு பெண்ணை வேலைநீக்கம் செய்தல் முறையன்று என்றும், பேறுகாலம் முடிந்து வேலைக்குத் திரும்ப அவளுக்கு உரிமையுண்டு என்றும் பிரிட்டனில் 1975 இல் சட்டம் பிறந்தது. ஆட்குறைப்பு நேரும்போது, பேறுகால விடுமுறையில் இருப்பவளுக்குத் தகுந்த மாற்று வேலை இருப்பின், அதனைப் பிறருக்கு முன் அவளுக்கே அளித்தல் வேண்டும் என்னும் விதியும் பின்னர் வந்தது. கருவுற்றதை அவள் முதலாளிக்குத் தெரிவித்த நாள் முதல், குழந்தை பிறந்து 18 மாதம் முடியும் வரை இப்பாதுகாப்பு 2024 ஏப்ரல் முதல் நீட்டிக்கப்பெற்றது.

பாண்டுபீல்டு அம்மையாரின் வாழ்வு நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. தாய்மைக்கு அளிக்கும் பாதுகாப்பு இரக்கத்தால் இடும் பிச்சையன்று, உழைப்பவளின் உரிமை. பொருள் நெருக்கடி வருங்கால், எளியோரின் உரிமையே முதலில் குறைக்கப்படும். ஆதலின் பெற்ற உரிமையை விழிப்புடன் காத்தல் குடிமக்கள் அனைவரின் கடமையாகும்.