கேமரா வராத காலத்தில் குதிரையைக் கண்ணால் எடைபோட்ட தஞ்சை மன்னர்... யார் இந்த இரண்டாம் சரபோஜி?

இன்னைக்கு ஒரு குதிரையை வரையணும்னா என்ன செய்வோம்? செல்போனில் ஒரு போட்டோவைத் தேடி எடுப்போம். பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலை எடுப்போம். கால் எங்கே மடங்குது, கழுத்து எவ்வளவு நீளம் என்பதெல்லாம் போட்டோவிலேயே இருக்கும்.

போட்டோவே இல்லாத காலத்தில்? அப்போது கண்தான் கேமரா. அந்தக் கண்ணை நம்பியே ஓர் ஊரின் ஓவியர்களையும் மருத்துவர்களையும் வேலை வாங்கியவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. குதிரைகளை எடைபோடுவதில் அவர் கெட்டிக்காரர் என்று ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளே மதித்தார்கள். ஆனால் அவரிடம் படையெடுத்துப் போக ஒரு நாடு இல்லை. அது ஏன்?

நெல் விளையும் ஊரில் குதிரை எப்படி வந்தது?

காவிரி டெல்டா மாட்டுக்கான மண். சேற்று வயலில் உழ மாடு போதும், எருமை போதும். குதிரைக்கு இந்த ஈரமும் வெக்கையும் ஒத்துக்காது. பாண்டியர் காலத்திலேயே அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில்தான் இங்கே வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, சரியான தீனியும் பராமரிப்பும் இல்லாமல் அவை செத்துப்போவதை எழுதி வைத்தார்.

அதனால் டெல்டாவில் குதிரை என்பது அரசனின் அடையாளம். சாதாரண ஜனங்கள் அதை அய்யனார் கோயில் வாசலில் மண் குதிரையாகவும், திருவிழாவில் பொய்க்கால் குதிரையாகவும்தான் அதிகம் பார்த்திருப்பார்கள்.

1670களில் சத்ரபதி சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்தார். குதிரைப் படையோடு வந்த மராட்டிய வம்சம் காவிரிக் கரையில் நிலைகொண்டது. அந்த வம்சத்தின் பின்னாள் வாரிசுதான் சரபோஜி.

படிப்பு மறுக்கப்பட்ட பிள்ளை

சரபோஜி பிறந்தது 1777ல். வாரிசு இல்லாத மன்னர் துளஜாஜி, 1787ல் சாகும் தறுவாயில் பத்து வயது கூட நிரம்பாத இந்தப் பையனைத் தத்தெடுத்தார். அவனைப் பார்த்துக்கொள்ளும்படி ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸிடம் கேட்டுக்கொண்டார்.

ஆனால் நடந்தது வேறு. தத்தெடுத்தது செல்லாது என்று சில பண்டிதர்கள் சொன்னார்கள். கிழக்கிந்திய கம்பெனியும் அதை ஏற்றது. துளஜாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அமர்சிங் அரியணை ஏறினார். சிறுவன் சரபோஜி அரண்மனைக்குள்ளேயே கட்டுக்காவலில் முடக்கப்பட்டான். ஒழுங்கான படிப்பும் இல்லை.

ஸ்வார்ட்ஸ் விடவில்லை. கம்பெனியிடம் முறையிட்டு, 1793 வாக்கில் சரபோஜியைச் சென்னைக்குக் கொண்டுபோக வைத்தார். அங்கே பாதிரியார் கெரிக்கேயிடம் பாடம். ஆங்கிலமும் ஐரோப்பிய அறிவியலும் அவருக்கு அறிமுகமானது இப்படித்தான். பின்னர் தத்து செல்லும் என்று முடிவு மாறி, 1798 ஜூனில் சரபோஜி மன்னரானார். ஸ்வார்ட்ஸ் அதைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார்.

கிரீடம் உண்டு, நாடு இல்லை

அரியணைக்கு ஒரு விலை இருந்தது. 1799 அக்டோபரில் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம். அதன்படி தஞ்சை ராஜ்ஜியத்தின் நிர்வாகம் முழுக்க கம்பெனி கைக்குப் போனது. நெல் விளையும் டெல்டாவின் வரியை இனி அவர்களே வசூலிப்பார்கள். சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும், ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்தான்.

அப்போது அவருக்கு வயது 22. பாட்டன்மார் குதிரையில் ஏறி நாடு பிடித்தவர்கள். இவருடைய குதிரைக்குப் போக எல்லையே இல்லை. இந்த இடத்தில்தான் சரபோஜி தனக்கென ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தார். பார்ப்பது, பார்த்ததைப் பதிவு செய்வது.

ஓவியர்களின் வேலை மாறியது எப்படி?

தஞ்சாவூர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தங்கரேக்கு ஒட்டிய பலகைப் படம். அதில் தெய்வமே பிரதானம். குதிரை வந்தாலும் அது ஒரு அலங்காரம்தான். எந்தக் குதிரை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சரபோஜி காலத்தில் அதே ஊரில் இன்னொரு வகைப் படமும் வளர்ந்தது. காகிதத்தில், நீர்வண்ணத்தில், கண்முன் இருக்கும் ஒரு பறவையை, ஒரு விலங்கை உள்ளபடியே வரைவது. இறகின் நிறம், அலகின் வளைவு, கால் நகம் எல்லாம் சரியாக இருக்கணும். அப்படி வரைந்த ஒரு தொகுப்பை தஞ்சையில் ரெசிடென்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு மன்னர் கொடுத்தார். அது இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

மருத்துவத்திலும் இதே முறைதான். தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தபோது, ஒவ்வொருவரின் விவரத்தோடு அவர்களின் கண்ணையும் படமாக வரைந்து வைத்தார்கள். இன்றைக்கு டாக்டர் ஸ்கேன் எடுத்து ஃபைலில் வைப்பது போல. காசி யாத்திரை போனபோதும் கங்கைப் படித்துறைகள் படமாகின.

குதிரைக்கும் ஒரு சாஸ்திரம்

சரபோஜி வளர்த்தெடுத்த சரஸ்வதி மகால் நூலகத்தில் அசுவ சாஸ்திரச் சுவடியும் உண்டு. பாண்டவர்களில் நகுலன் இயற்றியதாகச் சொல்லப்படும் நூல், வண்ணப் படங்களோடு இருக்கிறது. நம்ம ஊரில் மாடு வாங்கும்போது சுழி பார்ப்பார்கள் இல்லையா? அதுபோலக் குதிரைக்கும் நிறம், சுழி, பல், நடை என்று பார்த்துத் தரம் பிரிப்பது இந்த சாஸ்திரத்தின் வேலை.

அதே நூலகத்தில், மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டு பிரெஞ்சு ஓவியர் சார்ல்ஸ் லெ ப்ரூன் வரைந்த படங்களின் அச்சுகளும் இருக்கின்றன. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மரபு.

1826 மார்ச்சில் ஆங்கிலேய பிஷப் ரெஜினால்ட் ஹீபர் தஞ்சாவூர் வந்தார். மன்னரின் அறிவியல் ஞானத்தையும் ஷேக்ஸ்பியர் ஈடுபாட்டையும் பார்த்து அசந்துபோனார். அதோடு, குதிரையைச் சரியாகக் கணிப்பவர், புலி வேட்டையில் குறி தப்பாதவர் என்று அதிகாரிகள் மத்தியில் அவருக்கு இருந்த மதிப்பையும் பதிவு செய்தார். சில நாட்களிலேயே, ஏப்ரல் 3ஆம் தேதி, ஹீபர் திருச்சியில் இறந்துபோனார்.

போட்டோ வந்தது, குதிரை மாறியது

ஹீபர் வந்த அந்தக் காலகட்டத்தில்தான், 1826 அல்லது 27ல், பிரான்ஸில் நியெப்ஸ் தன் வீட்டு ஜன்னலில் இருந்து, இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா படத்தை எடுத்தார். சரபோஜி 1832 மார்ச் 7ல் காலமானார். போட்டோ எடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ல். ஏழே ஆண்டு இடைவெளி!

தஞ்சை பெரிய கோயிலை லின்னேயஸ் ட்ரைப் போட்டோ எடுத்து 1858ல் வெளியிட்டபோது, சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜியும் இறந்து, ஆண் வாரிசு இல்லை என்று ராஜ்ஜியத்தையே கம்பெனி எடுத்துக்கொண்டிருந்தது.

அன்றைய கேமராவால் கோயிலை எடுக்க முடிந்தது, ஓடும் குதிரையை எடுக்க முடியவில்லை. 1878ல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து அதைச் சாதித்தார். பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. முன்னங்கால் முன்னாலும் பின்னங்கால் பின்னாலும் நீண்டு குதிரை பறப்பது போலத்தான் ஐரோப்பிய ஓவியர்கள் அதுவரை வரைந்தார்கள். உண்மையில் நான்கு காலும் தரையில் படாத நொடியில், அவை வயிற்றுக்குக் கீழே மடங்கியிருந்தன. அதன்பிறகு டெகா போன்ற ஓவியர்கள் குதிரை வரையும் விதமே மாறியது.

அப்படின்னா கண் தோற்றது, கேமரா ஜெயித்ததா?

முழுசா அப்படிச் சொல்ல முடியாது. ஓட்டத்தில் கண் ஏமாந்தது உண்மைதான். ஆனால் கேமராவும் ஏமாற்றும். செல்போனைக் குதிரையின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் எடுத்துப் பாருங்க. தலை பெருசாகவும் பின்பக்கம் சிறுசாகவும் விழும். அதை அப்படியே வரைந்தால் படமும் கோணல்தான். கொஞ்சம் தள்ளி நின்று, பக்கவாட்டில் எடுத்த படம்தான் வரைய உதவும். முட்டி எங்கே, குளம்பு எங்கே என்று ஒரு நிஜக் குதிரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டவருக்கு போட்டோவில் எது சரி, எது தப்பு என்று புரியும்.

சரபோஜியிடமிருந்து நெல் வயல்கள் போயின, வரி போனது, மகன் காலத்தோடு அரசும் போனது. அவர் பார்க்கச் சொல்லி வரைய வைத்த படங்கள் மட்டும் போகவில்லை. தஞ்சாவூர் போனால் அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்க. செல்போனைப் பையில் வைத்துவிட்டு, முதலில் கண்ணால்.