தவிலுக்கெனக் கூடிய கூட்டம்

யாழ்ப்பாணத்து இணுவில் மண் ஈன்ற தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1933 இல் பிறந்தவர். தந்தை விசுவலிங்கமும் தவில் கலைஞரே. பின்னாளில் அளவெட்டி அவரது வாழ்விடமாயிற்று. நாதஸ்வரத்துக்குப் பக்கவாத்தியம் என்றே கருதப்பட்ட தவிலை, அதற்காகவே கேட்கக் கோயில் வீதிகளில் மக்கள் திரண்டனர். தமிழகத்தின் முன்னணி நாதஸ்வர வித்துவான்களும் அவரை விரும்பி அழைத்தனர். இசைக்காகத் தமிழகத்தையே நோக்கியிருந்த ஈழத்துக்கு இது சிறிய பெருமையன்று. 1975 இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் மறைந்தார்.

அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் அவரைப் புதிய தலைமுறைக்குக் காட்டியது. ஆயினும் படம் வேறு, வாசிப்பு வேறு. போருக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பிய ஒலிநாடாக்கள், தமிழர் இல்லத்திலோ முஸ்லிம் இல்லத்திலோ எங்கிருப்பினும், அவை உதிர்ந்து போகுமுன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தேடித் திரட்டிப் பேண வேண்டுமென நாம் கோருகிறோம்.